வழுவே வடிவமாக: ஆக்டோடாட் விளையாட்டும் அதன் விமர்சகர்களும்

மரபிலக்கணத்தில் எனக்கு மிகவும் விருப்பமான பகுதி வழுவமைதி. வழாநிலை, வழு என இரண்டாகப் பகுத்ததோடு நம் இலக்கணிகள் நின்றுவிடவில்லை. பிழையேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்கத்தக்கது என மூன்றாவதாக ஓர் இடத்தையும் ஒதுக்கி வைத்தார்கள். தான் வளர்க்கும் பசுவை உவப்பு மிகுதியால் அன்னை என்று உயர்திணையாக்கிப் பேசுபவனை அவர்கள் திருத்தப் புகவில்லை. அவன் திணை அறியாதவன் அல்லன், உவப்பு அப்படிப் பேசவைக்கிறது என்று அமைதி கூறினார்கள். பிழையைக் கண்டவுடன் தண்டிக்காமல் அதன் காரணத்தை உசாவும் இந்தப் பண்பு, கணினி விளையாட்டு விமர்சனத்துக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. அது வந்த வழியைக் காட்டும் ஒரு விளையாட்டைப் பற்றியது இக்கட்டுரை. அதுவும் திணை மயங்கிய கதைதான்: மனிதக் குடும்பமொன்றில் தந்தையாக வாழும் ஓர் ஆக்டோபஸின் கதை.

'ஆக்டோடாட்: டாட்லியஸ்ட் கேட்ச்' என்னும் அவ்விளையாட்டு 2014 ஜனவரி 30 அன்று கணினிகளுக்கு வெளிவந்தது. உருவாக்கியது அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த யங் ஹார்சஸ் என்னும் சிறு நிறுவனம். நம் கடலோர மக்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் உயிரினம் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, ஸ்கார்லெட் என்னும் பெண்ணை மணந்து, டாமி, ஸ்டேசி என்ற இரு பிள்ளைகளுக்குத் தந்தையாக இருக்கிறது. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ உண்மை தெரியாது. ஃபுஜிமோட்டோ என்னும் சமையற்காரர் ஒருவர் மட்டும் உண்மையை அறிந்து துரத்துகிறார். நாயகன் செய்யவேண்டிய சாகசங்கள் என்ன தெரியுமா? காப்பி போடுவது, கடையில் சாமான் வாங்குவது, குடும்பத்தோடு மீன் காட்சியகம் சென்று வருவது. எலும்பில்லாத உடம்புக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மலை. சுட்டியின் இடப் பொத்தான் ஒரு காலைத் தூக்கும், வலப் பொத்தான் மற்றொன்றை. கையை அசைக்கவேண்டுமானால் நடப்பதை நிறுத்திக் கை முறைக்கு மாறவேண்டும். ஒரு கோப்பையை எடுக்கப் போனால் மேசையே கவிழும். கவிழ்வதைச் சுற்றியுள்ளோர் கண்டால் ஐயத்தின் அளவைக் காட்டும் குறி ஏறிக்கொண்டே போகும். நிரம்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இப்படி ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு விமர்சகரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகிக்கத் தேவையில்லை, அக்கால அளவுகோல்கள் அச்சிலேயே இருக்கின்றன. 1989இல் தொடங்கிய அமெரிக்க இதழான கேம்ப்ரோ ஒவ்வொரு விளையாட்டையும் வரைகலை, ஒலி, கட்டுப்பாடு, கேளிக்கை என்று நான்காகப் பகுத்து மதிப்பெண் இட்டது. கட்டுப்பாடு என்பது தனியொரு பாடம். விசையை அழுத்தினால் பாத்திரம் சொன்னபடி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் மதிப்பெண் குறையும். யாப்பை மட்டும் தனியே திருத்தி மதிப்பெண் போட்டுவிட்டுக் கவிதையைப் பிறகு படிப்பது போன்ற முறை இது. யாப்பும் பொருளும் பிரியாத கவிதை வந்தால் இந்த முறை திணறிப்போகும்.

1998இல் வந்த 'ட்ரெஸ்பாஸர்' அப்படித்தான் திணறவைத்தது. ஜுராசிக் பார்க் படங்களின் தொடர்ச்சியாக ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கிய விளையாட்டு அது. திரையில் எண்களோ பட்டைகளோ இல்லை; நாயகி ஆன் தன் மார்பிலுள்ள இதயப் பச்சையைக் குனிந்து பார்த்துத்தான் உயிர் எவ்வளவு மிச்சம் என்று அறியவேண்டும். அவளுடைய ஒற்றைக் கையைச் சுட்டியால் நீட்டி, மணிக்கட்டைத் திருப்பி, பொருளைப் பற்றவேண்டும். கை ரப்பர்போல வளைந்தது. துப்பாக்கி நழுவி விழுந்தது. டைனோசர் பாய்ந்து வரும் நேரத்தில் நிகழ்ந்த இந்தக் கோமாளித்தனத்தை விமர்சகர்கள் மன்னிக்கவில்லை. அவ்வாண்டின் மிக மோசமான விளையாட்டு என்ற வசையும் வந்து சேர்ந்தது. என் கருத்தில் அத்தீர்ப்பு அநியாயமன்று. அங்கே வழு இருந்தது. அமைதி கூறுவதற்குரிய காரணம் இல்லை. அச்சத்தை எழுப்ப வந்த படைப்பு நகையை எழுப்பிவிட்டது.

ஆனால் அந்த நகை வீணாகவில்லை. பென்னட் ஃபாடி என்னும் ஆஸ்திரேலியர் 2008இல் தம் வலைத்தளத்தில் 'க்வாப்' என்ற சிறு விளையாட்டை இலவசமாக வைத்தார். ஃபாடி மெய்யியல் பயின்றவர். ஆக்ஸ்போர்டில் அறவியல் ஆய்வாளராகவும் இருந்தவர். க்யூ, டபிள்யூ, ஓ, பி என்னும் நான்கு விசைகளே விளையாட்டின் பெயர். முதல் இரண்டும் ஓட்டவீரனின் தொடைகளை அசைக்கும், மற்ற இரண்டும் கெண்டைக்கால்களை. ஓடவேண்டிய தூரம் 100 மீட்டர். பெரும்பாலோர் இரண்டு மீட்டருக்குள் தலைகுப்புற விழுவார்கள். நடப்பது எத்தனை பெரிய வித்தை என்பதை நான்கு விசைகள் உணர்த்திவிடுகின்றன. 2010 இறுதியில் இது இணையமெங்கும் பரவியபோது அதற்கு விமர்சகர்கள் தேவைப்படவில்லை. விழுவதைக் காணொளியாக்கிப் பகிர்ந்த பல்லாயிரம் பேரே அதன் உரையாசிரியர்கள்.

அதே 2010இல்தான் சிகாகோவின் டிபால் பல்கலைக்கழக மாணவர்கள் முதல் 'ஆக்டோடாட்' விளையாட்டை இலவசமாக வெளியிட்டனர். 2011இன் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல் அதனை மாணவர் படைப்புகளுக்கான தேர்வில் சேர்த்தது. அந்த ஊக்கத்தில் அவர்களுள் சிலர் நிறுவனம் தொடங்கி, கிக்ஸ்டார்ட்டர் வழியே 20,000 டாலருக்கு மேல் திரட்டினர். 2013இல் சோனி நிறுவனம் தன் இ3 மேடையில் இடம் கொடுத்தது. இலவசமாகக் கிடைத்தபோது குறும்பு எனக் கொஞ்சப்பட்ட குழந்தை, விலை வைத்துக் கடைக்கு வந்ததும் தேர்வெழுத வேண்டியதாயிற்று.

அத்தேர்வின் விடைத்தாள்களைப் படிப்பது சுவையான அனுபவம். கருவையும் வேடிக்கையையும் ஏறக்குறைய எல்லாரும் பாராட்டினார்கள். கட்டுப்பாடுகளின் தடுமாற்றமே நகைச்சுவையின் ஊற்று என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். இதுவே பெரிய மாற்றம். கேம்ப்ரோ காலத்து மூன்றாவது கட்டத்தில் இதற்கு மதிப்பெண் போட முடியாது. சிக்கல் பின்பாதியில் வந்தது. மீன் காட்சியகத்தில் கடலுயிரியலாளர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களை ஏமாற்றும் கோட்டு அவர்களை எளிதில் ஏமாற்றாது. அவர்கள் கண்ணில் படாமல் பதுங்கிச் செல்லவேண்டும், குறுகிய இடங்களில் ஏறவேண்டும். ஒளிப்பதிவுக் கோணமும் அவ்வப்போது சதி செய்கிறது. இவ்விடங்களில் விமர்சகர் பலர் பொறுமை இழந்தார்கள். விளையாட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்ற குறை வேறு. அதற்கு ஈடுசெய்வதுபோல் 2014 அக்டோபரில் இரண்டு சிறு படலங்கள் இலவசமாகச் சேர்க்கப்பட்டன.

ஆக, ஒரே தடுமாற்றம் முன்பாதியில் குணம், பின்பாதியில் குற்றம். விமர்சகர்கள் முரண்பட்டுப் பேசினார்களா? இல்லை என்றே கருதுகிறேன். அவர்கள், இலக்கணப் பயிற்சி ஏதுமின்றியே, வழுவுக்கும் வழுவமைதிக்கும் இடையே கோடு கிழித்துவிட்டார்கள். சமையலறையில் கோப்பை உடைந்தால் சிரிப்பு, ஆட்டமும் தொடர்கிறது. காட்சியகத்தில் கால் இடறினால் பழைய இடத்துக்குத் திரும்பவேண்டும். அதே நகைச்சுவையை ஐந்தாம் முறை கேட்கும் நிலை. தடுமாறுவதைக் கொண்டாடிய படைப்பே திடீரென்று தடுமாறாதே என்று கட்டளையிடுகிறது. விமர்சகர்கள் வெறுத்தது தடுமாற்றத்தை அன்று, இந்தக் கட்டளையைத்தான்.

இந்த நுட்பமெல்லாம் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரியில் கரைந்துபோனது. 100க்கு 70ஐ ஒட்டிய ஓர் எண். நடுத்தரம் என்று பொருள்படும். நடுத்தரம் என்று நினைத்தவர்களைவிட, ஒரு பாதியை மிக விரும்பி மறுபாதியில் சலித்தவர்களே அந்த எண்ணுக்குள் மிகுதி. இரண்டு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 1இல், ஸ்வீடனின் காஃபி ஸ்டெயின் வெளியிட்ட 'கோட் சிமுலேட்டர்' 60ஐச் சற்றே தாண்டியது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டவர்கள் உண்டு. அது பொருந்தாது. ஆட்டு விளையாட்டைச் செய்தவர்கள், நிரல் நின்றுபோகச் செய்யும் பிழைகளைத் தவிர மற்றவற்றை வேடிக்கைக்காக விட்டுவைப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தனர். அது களையெடுக்காத தோட்டம். ஆக்டோடாட் பார்த்துப் பார்த்து நட்ட முள்செடி.

மதிப்பெண்ணுக்கு வெளியே நடந்த இன்னொரு வாசிப்பே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியே தெரியாத உடற்குறையோடு வாழ்பவர்களும், தாம் யாரென்பதை மறைத்து ஊரோடு ஒத்துப்போக வேண்டியவர்களும் இவ்விளையாட்டில் தங்களைக் கண்டார்கள். ஒரு கோப்பைக் காப்பியைச் சிந்தாமல் கொண்டுபோவதே அன்றைய வெற்றியாக இருப்பவருக்கு இது கேலிக்கூத்து அன்று. பிறர் பார்வை பட்டவுடன் கை மேலும் நடுங்குவதை அந்த ஐயக் குறி எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது! மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நான்கு நிலைக்களன்களைச் சொல்லும். பேராசிரியர் உரை அவற்றைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன எனப் பகுக்கும். திரைப்படத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் நகை பிறன்கண் தோன்றுகிறது. இங்கே விழுபவனும் நகுபவனும் ஒருவனே. அவன் கால்களை அசைத்தது நம் விரல்கள். எள்ளல் நொடியில் பரிவாகிவிடுவதற்கு இதுவே காரணம். இறுதியில் குட்டு உடைந்தபின்னும் குடும்பம் அவனை ஏற்றுக்கொள்கிறது. வெறும் கேலிக்கூத்தாக இருந்தால் அந்த முடிவு பொய்யாகத் தோன்றியிருக்கும்.

2017இல் ஃபாடி 'கெட்டிங் ஓவர் இட்' என்ற விளையாட்டோடு திரும்பினார். கொப்பரைக்குள் அமர்ந்த மனிதன் ஒரு சம்மட்டியை ஊன்றி ஊன்றி மலையேறுகிறான். கை ஒருமுறை தவறினால் மணிக்கணக்கான உழைப்பு போய் அடிவாரத்தில் விழுவான். ஃபாடியின் குரல் அப்போது தோல்வியைப் பற்றி நிதானமாகப் பேசும். ஆக்டோடாட்டின் காட்சியகத்தைவிட இது பல மடங்கு கொடியது. ஆயினும் 2018இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் நுவோவோ விருது அதற்குக் கிடைத்தது. முதல் நிமிடத்திலேயே இது தண்டிக்கும் மலை என்று அவர் சொல்லிவிடுகிறார். சிரிக்க அழைத்துவிட்டுப் பாதியில் பிரம்பை எடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'பேபி ஸ்டெப்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதிலும் ஒருவன் மலையேறுகிறான். ஒவ்வோர் அடிக்கும் காலை நாம்தான் தூக்கி வைக்கவேண்டும்.