ஈரமும் கண்ணோட்டமும்

தமிழில் பரிவைக் குறிக்கும் பழஞ்சொற்களுட் பல, மனத்தின் ஒரு குணத்துக்கு இடப்பட்ட பெயர்களாக அல்லாமல், நீர், குளிர்ச்சி, கண், அழுகை எனப் புலன்கள் அறியும் பொருள்களோடு ஒட்டிப் பிறந்தவையாகவே காணப்படுகின்றன. ஈரம் என்பது நனைவையும் அன்பையும் ஒருங்கே குறித்தது. குளிர்ச்சியைச் சுட்டும் 'தண்' என்னும் அடியோ, கொடுத்தல், காத்தல் என்னும் பொருள்களையுடைய 'அளி'யோடு கூடித் தண்ணளி ஆயிற்று. வெயில் கடுமையான நிலத்தில் நன்மை குளிர்ச்சியாக உணரப்பட்டதில் வியப்பில்லை. அரசனது வெண்கொற்றக்குடையும் இக்கருத்தின் வழிப்பட்டதே: அது வெயிலை மறைக்கக் கொண்டதன்று, வருந்திய குடிகளுக்கு நிழலாவது என்று புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்கு எடுத்துரைத்தார், அவ்வாறு பாடித் தம் நிலத்துக்குரிய பழைய வரிக்கடனினின்று அவர் விடுதலை பெற்றார் என்று அப்பாட்டின் அடிக்குறிப்பு கூறுவதால், இங்கே தண்ணளி வெறும் புகழ்மொழியாக நில்லாமல் வரித்தள்ளுபடியாகவும் விளைந்தது எனலாம்.

திருக்குறள் இச்சொற்களை ஒன்றோடொன்று குழப்பாமல், அன்பை இல்லறவியலிலும் அருளைத் துறவறவியலிலும் வைக்கிறது. அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது என்பது பரிமேலழகர் காட்டும் வேறுபாடு. உலக நடையறிந்து பிறர்க்கு உதவுதலாகிய ஒப்புரவை விளக்கும் 22ஆம் அதிகாரத்திலும், கைம்மாறு கருதாத மழை, ஊரார் நீருண்ணும் குளமாகிய ஊருணி என நீரே மீண்டும் உவமையாக வருகிறது.

இச்சொற்களுள் மிகுதியும் மாறியது கண்ணோட்டம். பழகியவர்களைக் கண்டவிடத்துக் கண் அவர்கள்பால் ஓடுதலால், அவர்கள் சொல்வதை மறுக்கமாட்டாத இரக்கத்தை அச்சொல் குறித்தது. அதனை 58ஆம் அதிகாரமாக, அதுவும் பொருட்பாலின் அரசியலில், ஆள்வோனுக்குரிய பண்பாகவே வள்ளுவர் அமைத்தார். இன்றோ 'வரலாற்றுக் கண்ணோட்டம்', 'அறிவியல் கண்ணோட்டம்' என்னும் தொடர்களில் அச்சொல் நோக்கும் முறை என்ற அளவில் நின்று, இரக்கத்தை முற்றும் இழந்துவிட்டது. கண் மட்டும் எஞ்சியது. இரக்கம் என்னும் சொல்லின் பயணம் இதற்கு நேர்மாறானது. அதன் அடியாகிய இரங்குதல் ஒலித்தலையும் புலம்புதலையும் குறித்தமையால், நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் எனப்பட்டது. தனக்காகப் புலம்புதலிலிருந்து பிறர் துயருக்காக உருகுதலுக்கு அது நகர்ந்த போதிலும், பழம்பொருள் இரங்கற்கூட்டம் என்னும் வழக்கில் இன்றும் உயிரோடுள்ளது. வடமொழிவழி வந்த கருணை சமயத்துறையில் உயர்ந்த இடம் பெற, தயை 'தயவுசெய்து' என்று விண்ணப்பங்களின் முகப்புக்கு வந்து சேர்ந்தது.

வேளாண்மையின் வரலாறு இன்னும் நுட்பமானது. விருந்தோம்பல் அதிகாரத்தின் முதற்குறளில் அது உதவி செய்தலைக் குறிக்க, காலப்போக்கில் உழவைக் குறிப்பதே பெருவழக்காயிற்று. 1971இல் கோயம்புத்தூரில் அமைந்த வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பழம்பொருளை நினைப்பார் அரியர். இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலோ அச்சொல் தொழிலையும் கடந்து வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிப்பதாகி, அறுவடைக்கு 'வேளாண்மை வெட்டு' என்னும் பெயர் வழங்குகிறது.