புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய முழு எழுத்தறிவு இயக்கம். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் உள்ளூர் இளைஞர்களும் தொண்டர்களாகப் பணியாற்றினர். 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட எர்ணாகுளமே முன்மாதிரி.

இம்மாவட்டத்தில் கல்வியின் சுவடு பழையது. குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு ஒன்று, கிரந்த எழுத்தில், வடமொழியில் உள்ளது. ஏழு பண்களுக்குரிய சுர வரிசைகளைத் தரும் அது, உருத்திராசாரியரின் மாணாக்கனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காக இயற்றியதாக முடிகிறது. அரசன் தன் பெயரை விட்டு ஆசானின் பெயரைப் பொறித்தது குறிப்பிடத்தக்கது. சமஸ்தான காலத்து மன்னர் கல்லூரி நகரத்துக்குப் பெருமை சேர்த்தது. அதே குடுமியான்மலையில் கல்லுடைத்த பெண்களுக்குக் கல்வி எட்டவில்லை.

அவர்களை எட்டியது அறிவொளி. கூடவே சைக்கிளும் வந்தது. எழுத்துப் பாடத்தோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தது ஆட்சியரின் யோசனை. பேருந்து அரிதான ஊர்களில் பெண் தொண்டர்கள் வகுப்புக்குப் போய்வரவும், கற்கும் பெண்கள் தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் அது உதவியது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் ஏற்பாடு செய்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆண்களின் கேலிக்குக் குறைவில்லை. தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி நகரை வலம் வந்தனர். ஒன்றரை ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். இதே காலத்தில் கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. எழுத்தறிவை மட்டும் தனியே எடுத்து இவ்வியக்கத்தை அளப்பது பொருந்தாது.

இயக்கத்தின் பிற்காலச் செயல்பாடுகளை மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டார். கிராமப் பெண்கள் ஆட்சியருக்கு மனு எழுதிக் கையொப்பமிடக் கற்றது அவர் ஆய்வின் முக்கியப் பகுதி.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட எழுத்தறிவு சுமார் 77 சதவீதம். மாநில அளவு 80. தற்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடைபெறுகிறது.