பிள்ளையில்லாத அரசனும் விஷ்ணுபுரமும்

ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தை (1997) மாயக்கதையாகப் படித்த நண்பர்கள் நாங்கள் மறுவாசிப்பில் பிளவுபட்டோம். ஆலயப் பெருமிதம் என்றார் ஒருவர். எனக்கு அது ஐதீகம் உற்பத்தியாகும் விதம் பற்றிய சரித்திரம்.

திருவண்ணாமலைக்காரனுக்கு இது பரிச்சயமானதுதான். இங்கிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் 1342-43 வாக்கில் மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததை இபின் பதூதா எழுதியிருக்கிறார். தலபுராணத்துக்கு அந்தத் தோல் வேண்டாம். அதில் ஈசனே குழந்தையாக வருகிறார். இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவனுக்கு மகனாகத் திதி கொடுக்கிறார்.

நாவலிலோ பழங்குடிகளின் மூப்பனை ஆலயம் விஷ்ணுவாக்கிக்கொள்கிறது. இரண்டும் ஒரே காரியம் என்கிறார் நண்பர். அங்கே நடப்பது அபகரிப்பு. இங்கே, தோற்ற அரசனுக்காக ஊர் காக்கும் துக்கமும் (கொஞ்சம் கோயில் சாமர்த்தியமும்) இருக்கிறது. 'மணிமுடி'ப் பகுதியை இன்னும் பேசி முடிக்கவில்லை.