கண்ணாடிப் பின்சுவர் கொண்ட சமையலறையில் பிளக் பாயிண்ட் அமைத்தல்

சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவிலுள்ள சுவரில் டைல்ஸ் ஒட்டாமல், பின்பக்கம் வண்ணம் பூசிய கண்ணாடியைப் பதிக்கும் வழக்கம் பெருநகரங்களில் பரவி, சிறு ஊர்களின் புதுவீடுகளுக்கும் வந்திருக்கிறது. இடுக்குகள் இல்லாததால் தாளிப்பு எண்ணெயும் மஞ்சள் கறையும் எளிதில் துடைபட்டுப்போகும். ஆனால் டைல்ஸ் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலாக வேண்டுமென்றால் பிறகு இரண்டு டைல்சை உடைத்துக் காடி வெட்டிக்கொள்ளலாம். கண்ணாடியில் அந்த வழி இல்லை. அடுப்பருகே பதிக்கத் தகுந்தது டஃபன்டு கண்ணாடி. உலையில் ஏறத்தாழ 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாகப் பாய்ச்சிக் குளிரவைப்பதால் அதற்கு வலிமை கிடைக்கிறது. உலையிலிருந்து வெளிவந்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முயன்றால் பலகை முழுவதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். ஆகவே ஒவ்வொரு பிளக் பாயிண்டின் இடமும், கண்ணாடிக்கு அளவெடுக்கும் முன்பே இறுதியாகிவிட வேண்டும்.

காரிமங்கலம் வட்டாரச் சமையலறை

காரிமங்கலம், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பேரூராட்சி. இப்பகுதிச் சமையலறையில் பிளக் பாயிண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிய காரணங்களுள் இரண்டு முதன்மையானவை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம், அதுவரை அம்மியும் ஆட்டுக்கல்லும் புழங்கிய வீடுகளிலும் மின்கருவிகளை மேடைமேல் ஏற்றியது. அடுத்தது தண்ணீர். தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் வரும் பல், எலும்பு நோய்களைக் குறைக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்துப் புழங்கும் வீடுகளில் ஆர்.ஓ. கருவி தேவையாகிறது, அதற்குத் தொட்டியருகிலேயே, எப்போதும் மின்சாரம் உள்ள ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். தண்ணீர் தெறிக்கும் இடத்திலேயே மின்சாரமும் வேண்டும் என்பது இங்குள்ள சமையலறைக்கு உரிய சிக்கல்.

இடம்

வாஸ்துப்படி அக்னி மூலையான தென்கிழக்கில் அடுப்பை வைத்து, கிழக்கு நோக்கி நின்று சமைப்பது பரவலான அமைப்பு. பாத்திரம் கழுவும் தொட்டி பெரும்பாலும் அதே மேடையின் வடகோடிக்குப் போகும். அப்போது பிளக் பாயிண்டுக்கு உரிய இடம் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவேதான். மேடை 8 அடி நீளம் என்று கொள்வோம். அடுப்புக்கு இரண்டரை அடி, தொட்டிக்கு 2 அடி போக மூன்றரை அடி மிஞ்சும். அடுப்பின் ஓரத்திலிருந்தும் தொட்டியின் ஓரத்திலிருந்தும் கிடைமட்டமாகக் குறைந்தது 30 சென்டிமீட்டர், அதாவது ஓரடி, தள்ளியே சாக்கெட் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் மின்பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் அளவு. நம் வீடுகளுக்கும் அது பொருந்தும். இருபக்கமும் ஓரடி கழித்தால் எஞ்சுவது ஒன்றரை அடிதான். மிக்சி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் அந்த ஒன்றரை அடிக்குள் அடைப்பதைவிட, மேடையை 'எல்' வடிவில் தெற்குச் சுவருக்கும் திருப்பி, கனமான கருவிகளை அங்கே மாற்றுவது நல்லது. அங்கும் அடுப்பிலிருந்து அதே ஓரடி விலக வேண்டும்.

அடுப்புக்கு நேர்மேலே, கண்ணாடி முழுமையாகத் தெரியும் நடுப்பகுதியில், துளையே கூடாது. குக்கரின் ஆவி மேல்நோக்கிப் போகிறது. தாளிக்கும் எண்ணெய் அங்கேதான் படிகிறது. சுடரின் வெப்பத்தில் கண்ணாடி அதிகம் விரிவடைவதும் அங்கேதான். சிம்னிக்கான பாயிண்ட் கண்ணாடியில் இராமல், சிம்னியின் புகைக்குழாய் மறையும் பகுதியிலோ மேல் அலமாரிக்குள்ளோ இருக்கலாம். மேடைக்கு அடியில் சிலிண்டர் வைக்கும் அறையில் எந்தப் பாயிண்டும் வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோரம் தேங்கும். அங்கே சுவிட்சு போடும்போது எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும்.

உயரத்தைப் பொறுத்தவரை, மேடையின் மேற்பரப்பிலிருந்து சாக்கெட்டின் அடிவிளிம்பு வரை 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கும் வீடுகளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வைப்பதே சரி. இதே காரணத்தால், கிரானைட்டுக்குள்ளிருந்து மேலெழும் பாப்-அப் சாக்கெட்டுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் மேடைகளுக்கு ஏற்றவை அல்ல. ஆர்.ஓ. கருவிக்கான பாயிண்ட் கருவியின் அடியில் வராமல் பக்கவாட்டில், குழாய் இணைப்புகளைவிட உயரமாக அமைய வேண்டும். அந்த இணைப்புகள் ஒருநாள் சொட்டும். சொட்டும் நீர் பிளக்கில் விழாமலிருக்க இதுவே வழி.

மின்சுமை

மிக்சி 500 முதல் 750 வாட் வரை எடுக்கும். மேடைமேல் வைக்கும் கிரைண்டருக்கு 150 வாட் அளவே போதும். இவற்றுக்கு 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். ஆனால் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் மைக்ரோவேவுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் சாக்கெட்டும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், போர்டில் தனி எம்.சி.பி.யும் வேண்டும். இருக்கும் பாயிண்டில் மல்டி பிளக் செருகிச் சமாளிப்பது கண்ணாடிச் சமையலறையில் கூடுதல் ஆபத்து. புதுப் பாயிண்ட் போட வழியில்லாததால் தற்காலிக ஏற்பாடே நிரந்தரமாகிவிடும். சாக்கெட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1293, வயரிங் வேலைக்கு ஐ.எஸ். 732. பிளக் பாயிண்டுகள் எல்லாவற்றையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஈரக்கையோடு கருவிகளைத் தொடும் அறை இது.

கண்ணாடியில் துளை

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பூச்சு முடிந்து, கிரானைட் பதித்து, மெட்டல் பாக்சுகள் இரசமட்டத்தோடு உறுதியாக நின்ற பின்பே அளவெடுக்க வேண்டும். கொத்தனார் எவ்வளவு தேர்ந்தவரானாலும் சுவர் நூலளவாவது சாய்ந்திருக்கும். ஆகவே டேப்பில் எடுத்த எண்களை மட்டும் நம்பாமல், மெல்லிய பிளைவுட்டில் முழு அளவு மாதிரி வெட்டிச் சுவரில் பொருத்திப் பார்த்து, அதையே கண்ணாடிக்காரரிடம் தருவது நல்லது. கண்ணாடி சேலத்திலோ ஓசூரிலோ பதப்படுத்தப்பட்டு வர வேண்டியிருந்தால், அரை சென்டிமீட்டர் பிழைகூடப் புதுப் பலகைக்கான செலவாக முடியும்.

துளையின் உள்மூலைகள் கூராக இருக்கக் கூடாது. கண்ணாடியின் தடிமனுக்குக் குறையாத ஆரத்தில் வளைவாக இருக்க வேண்டும். கூரான மூலையில் இறுக்கம் குவிந்து அங்கிருந்தே விரிசல் புறப்படும். மூலை வளைவதால் பாக்சுக்கு இடம்விடத் துளையைச் சற்றுப் பெரிதாக்க நேரும்; அந்தப் பெரிய துளையையும் சுவிட்சு பிளேட் நான்கு பக்கமும் மறைக்க வேண்டும். மாடுலர் பிளேட்டின் வெளியளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே பிளேட்டுகளை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் துளையின் அளவைக் குறிக்க வேண்டும். சிறு துளைகள் பலவற்றைவிட 8 அல்லது 12 மாடுல் போர்டு ஒன்றுக்கான ஒரே துளை கண்ணாடிக்கு நல்லது, செலவும் குறைவு. துளை கண்ணாடியின் விளிம்பை ஒட்டி வரக் கூடாது. தவிர்க்க முடியாத இடத்தில், கண்ணாடியையே இரு பலகைகளாகப் பிரித்து, இணைப்பைப் போர்டின் வழியே கொண்டுபோகலாம்.

வழக்கமான 6 மில்லிமீட்டர் கண்ணாடியும் அதன் பின்னுள்ள சிலிக்கான் பசையும் சேர்ந்தால் 8, 9 மில்லிமீட்டர் ஆகும். பாக்சு பூச்சுமட்டத்தில் நின்றால் பிளேட்டின் திருகு எட்டாது. பாக்சை அந்த அளவு முன்னே தள்ளிப் பதிக்கலாம், அல்லது நீளத் திருகு வாங்கலாம். நீளத் திருகு உள்ளேயுள்ள வயரைக் கீறாமல் பார்ப்பது வயர்மேனின் பொறுப்பு. மெட்டல் பாக்சுக்கு எர்த் இணைப்பு கட்டாயம். பிளேட்டை முறுக்கி இறுக்கவும் கூடாது. கண்ணாடிக்கும் பிளேட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் விரிப்பு வைத்தால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. கண்ணாடியை ஒட்ட நியூட்ரல் வகை சிலிக்கானே ஏற்றது. புளிநெடி வீசும் வகை பின்பக்க வண்ணத்தை அரித்துவிடும்.

உலர்ந்த கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இங்குள்ள உப்புநீரில் துடைத்த கண்ணாடியில் வெண்படலம் படிகிறது. அந்தப் படலம் ஈரமானால் கடத்தும். துடைக்கும் நீர் கண்ணாடியில் தடையின்றி வழிந்து நேராகப் பிளேட்டின் மேல்விளிம்பில் வந்து நிற்கும். பிளேட்டின் மேல்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் சிலிக்கானால் அடைத்து, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டால் உள்ளே புகுந்த ஈரம் கீழே வடிந்துவிடும். துப்புரவு ஸ்பிரேயைத் துணியில் அடித்துக்கொண்டு துடைக்க வேண்டும். பிளேட்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

பின்னாளில் சேரக்கூடிய கருவிக்காக, கண்ணாடி இல்லாத பக்கச் சுவரில் ஒரு வெறும் பாக்சையும், அதிலிருந்து போர்டு வரை காலிப் பைப்பையும் பூச்சுக்கு முன்பே புதைத்து வைக்கலாம். அதன்மேல் ஒரு பிளாங்க் பிளேட் போதும்.