வேண்டாம் என்றொரு பட்டியல், வேண்டும் என்றொரு பட்டியல்

அமெரிக்கத் தெருக்களில் யு.பி.எஸ். நிறுவனத்தின் பழுப்பு வண்டியும் அஞ்சல் துறையின் வெள்ளை வண்டியும் ஏறத்தாழ ஒரே வாசல்களில் நிற்கின்றன. முன்னதன் ஓட்டுநர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தவர். பின்னதில் வரும் தபால்காரர் தேசியக் கடிதம் சுமப்போர் சங்கத்தவர். மிகைநேரப் பணியைக் கட்டுப்படுத்த இரு ஒப்பந்தங்களும் நம்பியிருப்பது ஒரு பெயர்ப்பட்டியலை. ஆனால் யு.பி.எஸ். ஓட்டுநர் அதில் பெயர் எழுதுவது ஓவர்டைம் வேண்டாம் என்று. தபால்காரர் எழுதுவது வேண்டும் என்று.

பழுப்பு வண்டிக்காரரின் எல்லை ஒன்பதரை மணி நேரம். பட்டியலில் உள்ளவரை ஒரே வாரத்தில் மூன்று நாள் அதைத் தாண்டவைத்தால், அவர் முறையிட்டு மும்மடங்கு ஊதியம் கோரலாம். தபால்காரர்களுக்கான பட்டியல் காலாண்டுக்கு ஒருமுறை திறக்கிறது. அதில் சேர்ந்தவருக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் இரட்டை ஊதியம். முன்னது மறுப்புக்கு விலை வைக்கிறது, பின்னது சம்மதத்துக்கு.

மந்த காலத்தில்தான் இரண்டும் வியப்பூட்டும் வகையில் நெருங்கி வருகின்றன. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பார்சல் குறைகிறது. வேலைநாளின் நீளமும் குறைய வேண்டும் அல்லவா? ஆனால் குறைவது ரூட்டுகளின் எண்ணிக்கை. சில ரூட்டுகளை நிறுத்தி, அவற்றின் முகவரிகளை மீதி வண்டிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருப்பவர் சிலர். இருட்டிய பிறகும் படியேறுபவர் பலர். அஞ்சல் நிலையத்திலோ, கடிதம் குறைந்த நாளில் ஒவ்வொருவருக்கும் மிஞ்சும் எனக் கணக்கிட்ட நேரத்தைத் திரட்டி, வராதவரின் ரூட்டைத் துண்டுபோட்டுக் கொடுக்கிறார்கள். கடிதம் பாதியானாலும் தெருவின் நீளம் பாதியாவதில்லை. கணக்கில் மிஞ்சிய நேரம் காலில் மிஞ்சுவதில்லை.

சுமையும் இழப்பும் யார் தலையில் விழுகின்றன என்று பார்த்தால் இரு ஒப்பந்தங்களும் மீண்டும் பிரிகின்றன. யு.பி.எஸ்.ஸில் மந்த காலத்தில் முதலில் வேலை இழப்பவர் இளையவர். மூத்தவருக்கு வேலை நிச்சயம், அதோடு நீண்ட நாளும் நிச்சயம். அஞ்சல் துறையில் விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள் போதாதபோது, மற்றவர்களைக் கட்டாயப்படுத்தும் சுற்று இளையவரிடமிருந்து தொடங்குகிறது. ஒரே பணிமூப்பு விதி ஓரிடத்தில் இளையவரின் நாளைக் காலியாக்குகிறது, மற்றோரிடத்தில் நிரப்பி வழியவிடுகிறது.

வேலைநிறுத்த உரிமையை வைத்து எடைபோட்டால் முடிவு இன்னும் எதிர்பாராதது. டீம்ஸ்டர்ஸ் 1997இல் யு.பி.எஸ்.ஸில் பதினைந்து நாள் நிறுத்தம் நடத்தி வென்றவர்கள். தபால்காரர்களுக்கு அந்த உரிமையைச் சட்டமே மறுக்கிறது. 1970இல் தடையை மீறி நிறுத்தம் செய்த பிறகுதான் முழுமையான கூட்டுப் பேர உரிமையே கிடைத்தது. ஆனாலும் ஒரு நாளில் பன்னிரண்டு, ஒரு வாரத்தில் அறுபது மணி நேரம் என்ற உச்சவரம்பு இருப்பது தபால்காரர் ஒப்பந்தத்தில். ஒன்பதரை மணி விதியோ வரம்பு மீறலைத் தடுப்பதைவிட அதன் விலையை உயர்த்துகிறது. கையில் பெரிய ஆயுதம் உள்ளவரிடம் விலைப்பட்டியல். அது இல்லாதவரிடம் வேலி.

இரண்டிலும் பொதிந்த ஒரு விதிவிலக்கைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆண்டிறுதி நெரிசலில் ஒன்பதரை மணிப் பாதுகாப்பு விலகி நிற்கிறது. டிசம்பரில் தபால்காரரின் இரட்டை ஊதியமும் மணி வரம்பும் அவ்வாறே. நெரிசலில் நீளும் நாளைத் தேவை என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன என்பதே இதன் பொருள். அப்படியானால் பிப்ரவரியில் நீளும் நாளுக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. அது பார்சலின் பெருக்கத்தால் வருவதில்லை. ஆட்களைக் குறைக்கும் முடிவால் வருகிறது.

கூடுதல் ஓட்டுநர் ஒருவருக்குச் சம்பளத்தோடு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. அந்தச் செலவைவிட ஓவர்டைம் மலிவாக இருக்கும்வரை நிர்வாகம் ஓவர்டைமையே தேர்ந்தெடுக்கும். 1997 நிறுத்தத்தின் முக்கிய வெற்றி பத்தாயிரம் முழுநேர வேலைகள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மிகைநேரத்துக்கு எதிரான காப்பு இரு பட்டியல்களோடு முடிந்துவிடக் கூடாது. மந்த காலத்தில் எத்தனை ரூட்டுகள் ஓட வேண்டும் என்ற முடிவிலும் சங்கத்துக்கு இடம் வேண்டும்.