ஜெரெஜாக் தீவும் கெடாத் தோட்டங்களும்

தமிழகத்திலிருந்து கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட நாளில், பயணத்தில் இரு காவல்கள் இருந்தன. ஒன்று நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் அமைந்த குடியேற்ற முகாம். மற்றொன்று பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு நிலையம். முன்னதில் உடலைச் சோதித்து அம்மை குத்துவர். பின்னதில் கப்பலின் கீழ்த்தளப் பயணிகளைத் தனியே நிறுத்திக் கண்காணிப்பர்.

காவல் இரண்டு ஏன் என்பதற்கு விடை பெரியம்மையின் இயல்பிலேயே உள்ளது. அந்நோய் உடலிற் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் ஆகும். நாகையிலிருந்து பினாங்குக்குக் கப்பற் பயணமோ ஏறத்தாழ ஒரு வாரமே. ஆகவே நோயைத் தாங்கிக் கப்பலேறியவன் நல்ல உடலோடு கரையிறங்கக்கூடும். ஏறுமுன் குத்திய அம்மைப்பால் நோயைத் தடுத்தது. தப்பி வந்ததைத் தீவு பிடித்து நிறுத்தியது.

அம்மைப்பால் கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்தெடுக்கப்படுவது. சென்னை மாகாணத்தில் கிண்டி கிங் நிலையம் அதனைத் தயாரித்தது. வெப்பத்தில் அது விரைவில் வீரியம் இழக்கும். உறைய வைத்து உலர்த்திய மருந்து 1950களில் பயனுக்கு வரும்வரை இக்குறை நீங்கவில்லை. மாரியம்மனே உடலில் இறங்கியதாகக் கருதி வேப்பிலை சார்த்திய மக்கள், கையைக் கீறிக்கொள்ளத் தயங்கியதில் வியப்பில்லை. முகாமில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. அவர்களே பின்னர்த் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுப்பினர்.

ஓர் உண்மையை மறைக்க வேண்டுவதில்லை. இக்காவல்களின் முதல் நோக்கம் தொழிலாளியின் நலம் அன்று. பொருள் செலவிட்டுக் கொணர்ந்த ஆள் வேலைக்கு உதவ வேண்டும். அவனால் துறைமுகத்துக்கு நோய் பரவக்கூடாது. கெடா 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் மேற்பார்வைக்கு வந்தது. அதன்பின் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. ஆனால் அங்குள்ள லயங்களில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் ஊசியால் தடுக்கக்கூடிய நோயன்று, மலேரியாவே. மலையடிவாரக் காட்டை அழித்தபோது தெளிந்த ஓடைகளின் மீது வெயில் விழுந்தது. மாக்குலேட்டஸ் என்னும் அனோபிலிஸ் வகைக் கொசு விரும்பி முட்டையிடும் இடம் அதுவே. தோட்டம் விரியவிரியக் காய்ச்சலும் விரிந்தது. சிலாங்கூரில் 1901 முதல் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டியும் பின்னர் எண்ணெய் தெளித்தும் வழிகாட்டினார். மற்றையோருக்குக் கொயினாவே கதி. மலேரியாவுக்கு ஒரு தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில்தான். அதுவும் முதன்மையாக ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கே.

இந்திய அரசு 1938இல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. பெரியம்மை 1980இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஜெரெஜாக் தீவோ 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது.

பழைய கணக்கு 2020இல் மீண்டது. அவ்வாண்டு ஜூலையில் சிவகங்கையிலிருந்து கெடா திரும்பிய ஒருவரிடம் விமான நிலையச் சோதனையில் கொரோனா தென்படவில்லை. பின்னரே நோய் வெளிப்பட்டது. வீட்டுத் தனிமை முறையாகக் காக்கப்படாமையால், குபாங் பாசு வட்டாரத்திலும் அண்டை மாநிலங்களிலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மலேசிய அரசு இதற்குச் சிவகங்கை நோய்த்திரள் என்றே பெயரிட்டது. வாயிலில் தெரியாத நோய் நாள் கழித்துத் தெரியும் என்பது நாகையிலும் ஜெரெஜாக்கிலும் அறிந்த செய்திதான். அன்று தீவு செய்த வேலையை இப்போது வீட்டுக் கதவு செய்ய வேண்டியிருந்தது.

அந்நோய்க்கு மிகவும் அஞ்ச வேண்டியோர் முதியோர். பால்மரம் வெட்டி மூப்படைந்த தலைமுறையில் பலர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்களுக்குப் பெயர்ந்தனர். பிள்ளைகளோடு வாழ வாய்ப்பில்லாதோர்க்கு முதியோர் இல்லமே புகலிடம். அங்கே அடுத்தடுத்துக் கட்டில்கள், பொதுவான சமையல், ஒரே பணியாளர் பலரையும் தொட்டுக் குளிப்பாட்டும் நிலை. லயத்தின் நெருக்கம் வேறு உருவில் வந்தது எனலாம். படுக்கையை விட்டு எழாத முதியவருக்கும் நோய் பணியாளர் வழியாக வந்து சேரும். ஆகவே இல்லத்தாரோடு பணிபுரிவோரும் ஊசி போட்டுக்கொள்வது இன்றியமையாததாயிற்று. மலேசியாவில் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24இல் முன்களப் பணியாளரோடு தொடங்கியது. ஏப்ரலில் அறுபது வயது கடந்தோர் முறை வந்தது. நடக்க இயலாதோர்க்கு நடமாடும் குழுக்கள் இல்லங்களுக்கே சென்று ஊசி போட்டன.