ஒன்டா மட்கலம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஓயிதா மாநில ஹிதா நகரைச் சேர்ந்த மலைச் சிற்றூரான சராயாமாவில் வனையப்படும் நாட்டார் மட்கலம். அண்டை ஊரான கொயிஷிவாராவிலிருந்து வந்த யானாசே குடும்பக் குயவர் 1705இல் இதைத் தொடங்கினார் என்பது மரபு. குரோகி குடும்பம் பணமும் சகாமோத்தோ குடும்பம் நிலமும் தந்தன. இன்றைய குயவர்களில் பெரும்பாலோர் இம்மூன்று வழியினரே. அடுத்த இரு நூற்றாண்டுகளில் உழவர் வீடுகளுக்கான தண்ணீர்த் தாழி, ஊறுகாய்ச் சாடி, மதுக்குடுவை ஆகியவை உழவுக்கு இடைப்பட்ட நாள்களில் இங்கு வனையப்பட்டன.

நாட்டார் கலை இயக்கத்தைத் தோற்றுவித்த யானாகி சோயெட்சு 1931இல் இங்கு வந்து எழுதிய கட்டுரையால் ஊர் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1954இல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் சில வாரங்கள் தங்கி வேலை செய்தார். கூஜாவுக்குக் கைப்பிடி ஒட்டும் முறையை இங்குள்ளோர் அவரிடம் கற்றதாகச் சொல்வர். பின்னர் எழுந்த நாட்டார் கலை மோகத்தில் விலையும் வருவாயும் ஏறின. பலர் உழவைக் கைவிட்டு முழுநேரக் குயவராயினர். தனிக் குயவர் புகழ்பெறுவது ஊர் ஒற்றுமையைக் குலைத்ததா என்ற கேள்வியை மானிடவியலாளர் பிரையன் மோரன் தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கலங்களில் குயவர் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இன்றும் இல்லை.

மண்ணை இடிப்பது ஓடைநீர். குடைந்த மரத்தின் ஒரு முனையில் நீர் நிரம்பியதும் அது தாழ்ந்து கொட்டிவிடும்; மறுமுனை உலக்கைபோல் விழுந்து மண்ணை இடிக்கும். ஆள் துணையின்றி இரவும் பகலும் நடக்கும் இந்த இடிப்பில் மண் பொடியாக வாரக்கணக்கில் ஆகும். ஊருக்குள் நுழைபவர் முதலில் கேட்பது இவ்வோசையைத்தான். ஜப்பானின் சிறந்த நூறு ஒலிக்காட்சிகளில் ஒன்றாக 1996இல் இது தேர்ந்தெடுக்கப்பட்டது. சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்றுகின்றனர். வெண்களிமண் குழம்பு பூசிய கலம் சுழலும்போது வளையும் இரும்புத் தகட்டைத் தொடவைத்தால், அது துள்ளித் துள்ளி வரிசையாகத் தழும்பு பதிக்கும். பழைய கடிகாரச் சுருள்வில்லும் இதற்கு உதவும். இந்த அணிமுறை சீனத்துச் சோங் காலக் கலங்களைப் பார்த்து வந்தது என்பர் சிலர். கொயிஷிவாராவிலும் இது உண்டாகையால் எவ்வூர் முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1995இல் இக்கலை நாட்டின் முக்கிய அருவப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 2008இல் ஊரும் காக்கப்பட வேண்டிய பண்பாட்டு நிலக்காட்சியாயிற்று. 2017 ஜூலைப் பெருமழை வெள்ளத்தில் நீர் உலக்கைகள் பல சேதமடைந்தன.